46 வயதில் வேலையும் மாறி ஊரும் மாறியது: என்னை வதைப்பது எது என்று எப்படிப் பிரித்தறிவது?

அச்சுமை (கேள்வி)

வணக்கம். எனக்கு வயது 46. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்துநராக இருந்தேன். மூலப்படியை இடப்பக்கமும் புரூஃப் தாளை வலப்பக்கமும் வைத்து, அடிக்கோலை வரிவரியாக இறக்கிக்கொண்டே படிப்பது என் தொழில். ஓர் ஒற்று விடுபட்டிருந்தால் தாளைக் கையில் எடுக்கும்போதே கண்ணில் பட்டுவிடும். புத்தக வேலை குறையக் குறைய எங்கள் பிரிவில் ஆட்களும் குறைந்தார்கள். கடைசியில் பிரிவையே மூடிவிட்டார்கள். அந்த நாள் வரும் என்று தெரிந்துதான் மாலை நேரங்களில் மருத்துவக் குறியீட்டுப் பயிற்சிக்குப் போனேன். தேர்விலும் தேறினேன். வேலை வேறு ஊரில் கிடைத்தது. குடும்பத்தோடு வந்து சில மாதங்கள் ஆகின்றன.

இந்த வேலையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டாக்டரின் குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போட வேண்டும். மணிக்கட்டை ஒட்டி முன்கை எலும்பு முறிந்திருந்தால் எஸ் 52.5 என்று தொடங்கும். வலக்கையா இடக்கையா, முறிவு எந்த வகை என்று ஒவ்வோர் எழுத்தாக நீண்டுகொண்டே போகும். ஏழாவது இடத்தில் ‘ஏ’ வந்தால் முறிவுக்கே நேரடியாகச் சிகிச்சை நடக்கிறது என்று பொருள். ‘டி’ வந்தால் எலும்பு கூடிவரும் காலத்துக் கவனிப்பு. ‘ஏ’ என்றால் முதல் வருகை என்று புதியவர்கள் எண்ணிக்கொள்வார்கள். அப்படி இல்லை. நோயாளி வேறொரு டாக்டரிடம் மாறிப் போனாலும், முறிவுக்கான சிகிச்சை தொடர்கிறது என்றால் அதுவும் ‘ஏ’தான். குறிப்பில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் அரை வரியை வைத்துத்தான் இதை முடிவுசெய்ய வேண்டும்.

இனி என் நிலைமை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்தால் கை பழைய வீட்டுச் சுவரில் சுவிட்ச் இருந்த இடத்துக்குத்தான் போகிறது. அங்கே வெறும் சுவர். அதன்பிறகு விடியும் வரை தூக்கம் இல்லை. பகலில் தாடை இறுகிக்கொள்கிறது. அலுவலகத்தில் எங்கள் குழுத் தலைவிக்கு 28 வயது. மரியாதையான பெண். என் கோப்புகளைத் தணிக்கை செய்து, திருத்தங்களைச் சிவப்பில் குறித்து அனுப்புகிறார். இத்தனை ஆண்டுகள் சிவப்பு மை என் கையில் இருந்தது.

என் கணவர் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்தார். எனக்காக அந்த வேலையை விட்டார். இங்கே இன்னும் எதுவும் அமையவில்லை. குறை சொல்லமாட்டார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போன வாரம், “உனக்கு முடியவில்லை என்றால் திரும்பிப் போய்விடலாம்” என்றார். அதைக் கேட்டதும் நிம்மதியாகவும் இருந்தது, கோபமும் வந்தது. மகனுக்குப் பதினான்கு வயது. பள்ளி விட்டு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழைய நண்பர்களோடு கைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறான்.

என் கோப்புகளில் எஃப் 43.2 என்ற குறியீடு அவ்வப்போது வரும். தகவமைவுக் கோளாறு, அதாவது மாற்றத்துக்குப் பழக முடியாமல் மனம் தடுமாறும் நிலை. நோய்களுக்கான உலக வகைப்பாடான ஐசிடி 10இன்படி, வாழ்க்கையில் ஒரு பெரிய மாற்றம் வந்தபின் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் தொடங்கும், பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்காது. வேலை மாற்றத்துக்கென்றே இசட் 56.1 என்று தனிக் குறியீடு உண்டு. அடுத்தவர் கோப்பில் இவற்றைப் போடும்போது விரல் ஒரு கணம் நின்றுவிடுகிறது.

நான் கேட்பது இதுதான். என்னை வதைப்பது புது வேலையா, புது ஊரா, இல்லை இந்த வயதா? வேலை என்றால் இந்த ஊரிலேயே வேறு வேலை தேடலாம். ஊர் என்றால் இதே வேலையை வேறு ஊரில் தேடலாம். எல்லாம் ஒரே நேரத்தில் மாறிவிட்டதால் எதையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் எப்படிப் பிரித்தறிந்தீர்கள்?

வரைபலகை

சகோதரி, நான் 49 வயதில் இயந்திர வரைபடப் பிரிவை விட்டுத் தொழிற்பயிற்சி ஆசிரியரானவன். அதற்காகவே ஊரும் மாறினேன். உங்கள் கேள்வியை நானும் நெடுநாள் சுமந்து திரிந்திருக்கிறேன். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் தலையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராகே என்ற இருவர், மனிதர்களை உலுக்கும் 43 வாழ்க்கை நிகழ்வுகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்தார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100. அதை உச்சமாக வைத்து மற்றவை கீழே இறங்கும். வேறு துறை வேலைக்கு மாறுவது 36. பண நிலையில் மாற்றம் 38. துணை வேலையில் சேர்வதோ வேலையை விடுவதோ 26. வாழ்க்கைச் சூழல் மாற்றம் 25. வீடு மாறுவது 20. பழகும் வட்டம் மாறுவது 18. தூக்கப் பழக்கம் மாறுவது 16. இவை எல்லாம் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. கூட்டினால் 179. நல்ல செய்திகளுக்கும் அந்தப் பட்டியலில் மதிப்பெண் உண்டு. தனிப்பட்ட பெரும் சாதனைக்கு 28. நீங்கள் தேர்வில் தேறியதை அதில் சேர்த்தால் 207. உடல்நலம் கெடும் வாய்ப்பு 150க்கு மேல் கூடுகிறது, 300ஐத் தாண்டினால் மிக அதிகம் என்பது அவர்கள் கணக்கு. இது நோய்க்கணிப்பு அல்ல, பலரின் சராசரிதான். ஆனாலும் அன்று நான் என் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, எனக்குத் திராணி இல்லை என்ற எண்ணம் போய், சுமைதான் பெரிது என்று புரிந்தது. அந்த ஒரு தெளிவுக்காகவே இதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இனிப் பிரித்தறிவது. ஒரு நோட்டில் பக்கத்தை இரண்டாக மடித்தேன். இடப்புறம் நேரமும் இடமும், வலப்புறம் உடல் எப்படி இருந்தது என்பதும். மனம் எப்படி இருந்தது என்று எழுதவில்லை. மனம் காரணங்களைக் கற்பித்துக்கொள்ளும், உடலுக்கு அது தெரியாது. வகுப்பறையில் ஒரு மாணவனுக்குக் குறுக்குவெட்டுத் தோற்றம் வரையக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தால் இரண்டு மணி நேரம் போனதே தெரியாது. நோட்டில் அந்த நேரங்களுக்கு எதிரே எழுத எதுவும் இருக்காது. வீட்டுப் பூட்டில் சாவியைத் திருப்பும்போது நெஞ்சு இறுகும். ஞாயிறு பிற்பகல் இன்னும் மோசம். என்னை வதைத்தது ஊர், வேலை அல்ல. அந்த வேலையை விட்டிருந்தால், என்னைத் தாங்கி நின்ற ஒரே தூணை நானே சாய்த்திருப்பேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டாவது பத்தியை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஏழாவது எழுத்தைப் பற்றி, மூலையில் இருக்கும் அரை வரியைப் பற்றி அவ்வளவு ஆசையாக எழுதியிருக்கிறீர்கள். வெறுத்துப்போன வேலையைப் பற்றி யாரும் அப்படி எழுதமாட்டார்கள். மூலப்படியோடு ஒப்பிட்டுப் படிப்பதுதான் அன்றும் உங்கள் தொழில், இன்றும் அதுவே.

திரும்பிப் போவதைப் பற்றி ஒன்று. அங்கே உங்கள் பிரிவு மூடப்பட்டுவிட்டது. திரும்பிப் போனால் பழைய ஊர் இருக்கும், பழைய வாழ்க்கை இருக்காது. இதைக் கணவரோடு வெளிப்படையாகப் பேசுங்கள். ஒரு தேதியைக் குறித்து, அதுவரை அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். நாள்தோறும் ‘இருப்பதா போவதா’ என்று மனத்தில் வாக்கெடுப்பு நடந்தால் எந்த ஊரிலும் வேர்விட முடியாது.

உடன்வந்தவன்

நான் உங்கள் கணவரின் இடத்தில் இருந்தவன். மனைவிக்கு வேறு ஊரில் பதவி கிடைத்தது, நான் வேலையை விட்டுவிட்டு உடன் வந்தேன். அவர் சொல்லாததை நான் சொல்கிறேன் சகோதரி.

உங்களிடம் குறை சொன்னால் நீங்கள் குற்ற உணர்வில் குமைவீர்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் வாயைத் திறக்கமாட்டார். “வேலை ஏதாவது அமைந்ததா” என்று மாலைதோறும் கேட்காதீர்கள். அன்போடு கேட்டாலும் அது தேர்வு முடிவு கேட்பதுபோல் காதில் விழும். என் மனைவி ஒருநாள், “இந்த ஊரில் எனக்கு அலுவலகம் போகும் வழியைத் தவிர எதுவும் தெரியாது, நீங்கள்தான் எனக்குக் காட்ட வேண்டும்” என்றாள். எந்த பஸ் எங்கே போகும், எந்தத் தெருவில் நிழல் இருக்கும், எந்த மருத்துவமனையில் காத்திருக்க வேண்டியதில்லை என்பதெல்லாம் எனக்கு அத்துபடியானது. வீட்டில் எனக்கென்று ஒரு அறிவு இருந்தது. ஆறுதல் சொற்களைவிட அதுதான் என்னை நிமிர்த்தியது.

வேலை ஏன் கிடைக்கவில்லை என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அவருடைய தகுதியில் குறை தேட வேண்டாம். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்துவந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம், அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரிந்திருக்கும். புதுச் செய்தி அரைகுறைப் பழக்கத்தில் இருப்பவர்களிடமிருந்துதான் வரும். ஊர் மாறும்போது நெருங்கியவர்கள் தொலைபேசியில் தொடர்ந்து வருவார்கள். அறுந்துபோவது இந்த அரைகுறைப் பழக்கங்கள்தான். விண்ணப்பம் அனுப்புவதோடு நிற்காமல், வாரம் ஒருமுறையாவது ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்துக்குப் போய்வரச் சொல்லுங்கள். எனக்கு அது ஊர் நூலகம். பத்திரிகை மேசையில் எதிரே உட்காருபவர் ஒருநாள் சொன்ன ஒரு தகவல்தான் எனக்கு வேலையாக முடிந்தது. அவர் பெயர்கூட அப்போது எனக்குத் தெரியாது.

தாமதமாகத் தொடங்கியவள்

அக்கா, எனக்கு நோட்டு எழுதுவதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. தூக்கம் கெட்டவரின் உடல் எங்கே இருந்தாலும் இறுகித்தான் இருக்கும். முதலில் தூக்கத்தைச் சரிசெய்துவிட்டுக் கணக்குப் பாருங்கள் என்பேன். இரண்டு மணிக்கு விழித்தால் படுக்கையிலேயே புரளாமல் எழுந்து உட்காருங்கள். மங்கலான வெளிச்சத்தில், மனம் பதறாத எதையாவது படியுங்கள். கண் சொக்கினால் மட்டும் திரும்பப் படுங்கள். காலையில் எழும் நேரத்தை மட்டும் விடுமுறை நாளிலும் மாற்றாதீர்கள். இன்றிரவே சுவிட்ச் பக்கத்தில் ஒரு சிறு இரவு விளக்கு வையுங்கள்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். டேவிட் பிளாஞ்ச்ஃபிளவர், ஆண்ட்ரூ ஆஸ்வால்ட் என்ற பொருளியலாளர்கள் 2008இல் பல நாட்டுக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்து, மனநிறைவு நாற்பதுகளின் நடுவில் அடிமட்டத்துக்கு இறங்கி, பிறகு மெல்ல ஏறுகிறது என்று எழுதினார்கள். எல்லோரும் இதை ஏற்கவில்லை, விவாதம் இருக்கிறது. என்றாலும் ஊரே மாறாமல், வேலையே மாறாமல் இருக்கும் எத்தனையோ பேருக்கு 46 கனமான வயதுதான்.

குழுத் தலைவி விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன், அது வலிக்கும். நானும் 43 வயதில், என்னைவிட மிக இளையவரிடம் வேலை கற்றேன். சிவப்பில் வரும் திருத்தங்களைத் திரையில் பார்த்து மூடிவிடாமல் ஒரே இடத்தில் வகைபிரித்துத் தொகுத்துவைத்தேன். ஒரே வகைத் திருத்தம் திரும்பத் திரும்ப வந்தால், அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய் “இதன் விதியை எனக்கு விளக்குங்கள்” என்று கேட்டேன். அதன்பிறகு எங்களுக்குள் பேச விதிகள் இருந்தன, வயது பின்னால் போய்விட்டது. புதுச் சிக்கலை மின்னல்போல் அவிழ்க்கும் திறன் வயது ஏற ஏறக் குறையும். சொல்லறிவும், பட்டுத் தெரிந்துகொண்ட அறிவும் நெடுங்காலம் நிற்கும். ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் இவற்றை இரண்டு தனி வகை அறிவாகவே பிரித்தார். உங்கள் வேலைக்கு இரண்டாவது வகைதான் அதிகம் தேவை.

மனநல ஆலோசகர்

குறியீட்டைத் தெரிந்தவர் தமக்குத் தாமே குறியீடு போட்டுக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எஃப் 43.2 என்று முடிவுசெய்ய, நேரில் உட்கார்ந்து பேசும் ஒருவர் வேண்டும்.

பெரும்பாலான நேரம் சோர்வாகவோ எதிலும் பிடிப்பில்லாமலோ இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், பசி அறவே குறைந்தால், வேலைக்குப் போகவே முடியாமல் போனால் மருத்துவரைப் பாருங்கள். வாழ்வதில் அர்த்தம் இல்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே போக வேண்டும். இரவுத் தூக்கமின்மையும் தாடை இறுக்கமும் மட்டுமே காரணம் என்றாலும் போய்ப் பார்க்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இது உங்கள் கணவருக்கும் பொருந்தும். குறை சொல்லாமல் இருப்பவரைத்தான் நான் அதிகம் கவனிப்பேன்.

அச்சுமை

எல்லோருக்கும் நன்றி. உடனே எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

வரைபலகை ஐயா சொன்னபடி என் இரண்டாவது பத்தியைத் திரும்பப் படித்தேன். படித்து முடித்ததும் கண் கலங்கிவிட்டது. நோட்டும் எழுதினேன். கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் தாடை தளர்ந்தே இருக்கிறது. இறுகுவது தணிக்கை முடிவு வரும் அரைமணி நேரத்திலும், வீடு திரும்பும் பஸ்ஸிலும்தான். ஆக, வேலை என்னை வதைக்கவில்லை. மதிப்பிடப்படுவது வதைக்கிறது, வீட்டில் இருவரும் எப்படி இருப்பார்களோ என்ற பயம் வதைக்கிறது. ஊர்கூட இல்லை போலிருக்கிறது. நான் கேட்ட மூன்றிலும் இது இல்லை.

தங்கை சொன்னபடி திருத்தங்களை வகைபிரித்தேன். பாதிக்கு மேல் ஒரே விதியைச் சார்ந்தவை. குழுத் தலைவியிடம் கொண்டுபோனேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். பிறகு, “குறிப்பில் எழுத்துப் பிழையால் வலது இடது மாறியிருப்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்கிறீர்கள், அதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுங்கள்” என்றார். இப்போது கையில் ஓர் அடிக்கோல் வைத்துக்கொண்டு திரையில் வரிவரியாக இறக்கிப் படிக்கிறார்.

உடன்வந்த அண்ணா எழுதியதைக் கணவரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்த மாலைக் கேள்வி பற்றி அவர் எழுதியிருப்பது உண்மைதான்” என்றார். திரும்பிப் போகும் பேச்சுக்கு ஒரு தேதி குறித்திருக்கிறோம், மகனின் ஆண்டுத் தேர்வுக்குப் பிறகு. தூக்கத்துக்காக மருத்துவரிடம் இருவருமாகவே போகிறோம்.

மகன் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கைபேசியை வாங்கி வைத்துவிட்டால் இங்கே நண்பர்கள் கிடைப்பார்களா?

இளையவன்

அம்மா, வாங்கி வைக்காதீர்கள். எனக்கு இப்போது 24 வயது. உங்கள் மகன் வயதில் அப்பாவின் வேலைக்காக ஊர் மாறினோம். புதுப் பள்ளியில் பகல் முழுவதும் யாருமற்றவனாக இருந்துவிட்டு வரும் எனக்கு, மாலையில் என்னைத் தெரிந்த நான்கு பேரோடு பேசும் அந்த ஒரு மணி நேரம்தான் மூச்சு. அதைப் பறித்திருந்தால் புது நண்பர்கள் கிடைத்திருக்கமாட்டார்கள், பழையவர்களும் போயிருப்பார்கள்.

நட்புக்கு நேரம் பிடிக்கும். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், அண்மையில் ஊர் மாறியவர்களையும் கல்லூரிக்குப் புதிதாக வந்தவர்களையும் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார். ஒருவர் சாதாரண நண்பராகவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். ஒரே இடத்தில் வேலை செய்வதால் கழியும் நேரம் அவ்வளவாகக் கணக்கில் சேர்வதில்லை, சும்மா சேர்ந்து பொழுதுபோக்கும் நேரமே சேர்கிறது. வகுப்பும் ஏறக்குறைய வேலை மாதிரிதான் என்பது என் அனுபவம். உங்கள் மகனுக்குப் பள்ளி நேரத்துக்கு வெளியே, வாரந்தோறும் அதே முகங்களைப் பார்க்கும் ஓர் இடம் வேண்டும். விளையாட்டோ, இசையோ, சதுரங்கமோ, அவனுக்குப் பிடித்தது எதுவானாலும் சரி. நீங்கள் தேர்ந்தெடுக்காமல் அவனைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். ஊர் மாறும் முடிவில் அவனை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள், இதிலாவது அவனைக் கேளுங்கள்.

பழைய நண்பர்களில் ஒருவனை விடுமுறைக்கு உங்கள் வீட்டுக்கு வரவழையுங்கள். எனக்கு அதை என் அப்பா செய்தார். வந்தவனுக்கு ஊரைச் சுற்றிக்காட்ட வேண்டியிருந்ததால், எனக்கு அந்த ஊர் எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. தேர்வு முடியும் தேதியைப் பார்த்து, இப்போதே அந்தப் பையனின் வீட்டில் பேசி வையுங்கள்.